எழுதப்படாத விதியை எழுதியவர்கள்: பட் ஃபௌலரும் 'தகுதி' என்னும் பொய்யும்

"இந்திய கிரிக்கெட் அணிக்கு இட ஒதுக்கீட்டிலா ஆள் எடுக்கிறார்கள்? அங்கே தகுதியை மட்டும்தானே பார்க்கிறார்கள்?"

இந்தக் கேள்வியை எதிர்கொள்ளாமல் நம்மில் யாரும் பட்டப்படிப்பை முடித்திருக்க முடியாது. வகுப்பறையில், விடுதியில், ரயில் பயணத்தில், இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் என்று எங்கும் அது வரும். கேட்பவர் அசைக்க முடியாத ஒரு வாதத்தை வைத்துவிட்டதாக நம்புகிறார். விளையாட்டுத் திடலில் ஏமாற்ற முடியாது, ஓடுகிறவர் ஓடுகிறார், அடிக்கிறவர் அடிக்கிறார், ஸ்கோர் அட்டைக்குச் சாதி தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை.

ஸ்கோர் அட்டைக்குச் சாதி தெரியாதுதான். ஆனால் அந்த அட்டையில் யார் பெயர் ஏறலாம், யார் பெயர் ஏறக்கூடாது என்று முடிவு செய்கிறவருக்குத் தெரியும். இந்த ஒரு வரியை விளக்கத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆடிய ஒரு கறுப்பின வீரரின் வாழ்க்கையை இங்கே சொல்கிறேன். அவர் பெயர் பட் ஃபௌலர். திறமை போதாமல் வெளியேற்றப்பட்டவர்களின் கதையை எல்லோரும் சொல்வார்கள். இது திறமை இருந்ததாலேயே வெளியேற்றப்பட்டவரின் கதை.

பூலே வாழ்த்திய நாடு

1873இல் ஜோதிராவ் பூலே தம் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த முன்மாதிரியைப் பார்த்து நம் நாட்டினரும் சூத்திரர்களைப் பார்ப்பனிய அடிமைத்தளையிலிருந்து விடுவிக்க முன்வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் இருந்தது. நம் இயக்கத்துக்கும் கறுப்பின மக்களின் போராட்டத்துக்கும் உள்ள உறவு அங்கிருந்தே தொடங்குகிறது. அதனால், பூலே வாழ்த்திய அந்த நாடு அடுத்த இருபது ஆண்டுகளில் என்ன செய்தது என்று பார்க்க வேண்டிய கடமையும் நமக்கு இருக்கிறது.

1877இல் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் உரிமைகளுக்குக் காவலாக நின்ற கூட்டாட்சிப் படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. 1883இல், பொது இடங்களில் நிறப் பாகுபாட்டைத் தடை செய்த 1875ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாதது என்றது. 1896இல் 'பிளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன்' வழக்கில், ரயிலில் கறுப்பர்க்குத் தனிப்பெட்டி வைப்பது அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. சட்டம் கொடுத்த விடுதலையைச் சமூகமும் நீதிமன்றமும் சேர்ந்து தவணை முறையில் திரும்பப் பெற்றுக்கொண்ட காலம் அது.

பட் ஃபௌலரின் ஆட்ட வாழ்க்கை ஏறத்தாழ இந்த ஆண்டுகளுக்குள்தான் அடங்குகிறது. 1878இல் தொடங்கி 1895இல் அவருக்கான கதவு முழுதாக மூடப்பட்டது.

சலூன்காரரின் மகன்

அவருடைய இயற்பெயர் ஜான் ஜாக்சன். 1858 மார்ச் 16 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஃபோர்ட் பிளெய்ன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை முடிதிருத்தும் தொழிலாளி. குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பக்கத்திலிருந்த கூப்பர்ஸ்டவுனுக்குக் குடிபெயர்ந்தது. இந்த ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

ஃபௌலரும் தந்தையின் தொழிலைக் கற்றுக்கொண்டார். அங்கே முடிதிருத்துவது பிறப்பால் விதிக்கப்பட்ட சாதித்தொழில் அல்ல. ஆனால் கறுப்பின ஆண்களுக்குத் திறந்திருந்த சில பிழைப்புகளில் ஒன்று. வாழ்நாள் முழுக்க, ஆட்டம் கைவிட்ட போதெல்லாம் கத்தரிக்கோல்தான் அவருக்குச் சோறு போட்டது.

1878 ஏப்ரலில், இருபது வயதில், ஒரு காட்சி ஆட்டத்தில் பந்துவீசினார். எதிரணி முந்தைய ஆண்டின் நேஷனல் லீக் சாம்பியனான பாஸ்டன். முடிவு 2-1. தோற்றது பாஸ்டன். அடுத்த மாதமே மாசசூசெட்ஸின் லின் நகர அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஒரு தொழில்முறை லீக் அணியில் சம்பளத்துக்கு ஆடியதாக நமக்குத் தெரியவரும் முதல் கறுப்பின வீரர் அவர்தான். ஜாக்கி ராபின்சன் பெரிய லீகில் நுழைவதற்கு 69 ஆண்டுகளுக்கு முன்பு! 'முதல் கறுப்பின வீரர்' என்றதும் ராபின்சன் பெயரை மட்டும் சொல்லும் வரலாறு, அவருக்கு முன்பு எழுபது ஆண்டுகளில் நடந்த வெளியேற்றத்தை வசதியாக மறைத்துவிடுகிறது. கதவு இயல்பாகவே மூடியிருந்ததுபோலவும் 1947இல் யாரோ பெருந்தன்மையோடு திறந்துவிட்டதுபோலவும் ஒரு தோற்றம். உண்மையில், திறந்திருந்த கதவைத்தான் இழுத்துச் சாத்தினார்கள்.

பந்துவீச்சாளராகத் தொடங்கிய ஃபௌலர் எல்லா இடங்களிலும் ஆடிப் பழகி, கடைசியில் 'செகண்ட் பேஸ்மேன்' ஆக நிலைத்தார். பேஸ்பால் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். வைர வடிவத் திடலில் நான்கு தளங்கள். அடித்தவர் ஒவ்வொரு தளமாக ஓடி, தொடங்கிய இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். இரண்டாம் தளத்தருகே நிற்பவரின் வேலை, பறந்து வரும் பந்தைப் பிடித்து, ஓடி வருபவர் தளத்தைத் தொடுவதற்குள் அவரை ஆட்டமிழக்கச் செய்வது. ஓடி வருபவரோ தரையில் சறுக்கி வருவார். அவருடைய காலணியின் அடியில் இரும்புப் பற்கள்.

இந்த இரும்புப் பற்கள்தான் அடுத்த செய்தி.

மரக் கவசம்

ஃபௌலர் தம் முழங்காலுக்குக் கீழே மரத்தாலான கவசம் கட்டிக்கொண்டு ஆடினார். பஃபலோ அணிக்காக ஆடிய இன்னொரு கறுப்பின செகண்ட் பேஸ்மேன் ஃபிராங்க் கிராண்டும் அப்படித்தான். ஏனென்றால், தளத்தைத் திருடச் சறுக்கி வந்த வெள்ளை ஆட்டக்காரர்களில் அநேகமாக எல்லோருமே இவர்களுடைய கெண்டைக்காலைக் குறிவைத்துத்தான் வந்தார்கள். மட்டை பிடித்து நின்றால் பந்துவீச்சாளர் உடம்பைப் பார்த்து எறிவார். இதைச் சொல்வது நானோ ஏதோ ஒரு கறுப்பின எழுத்தாளரோ அல்ல. கூட ஆடிய வெள்ளை ஆட்டக்காரர்களே 1889, 1891 ஆகிய ஆண்டுகளின் விளையாட்டு இதழ்களில் கூச்சமின்றிச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவர், அந்தக் கறுப்பர்களைப் பார்க்கத் தனக்குப் பாவமாக இருந்தது என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

'பாவம்' என்ற இந்தச் சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். 1885 இறுதியில் 'ஸ்போர்ட்டிங் லைஃப்' இதழ் ஃபௌலரைப் பற்றி ஒரு குறிப்பு எழுதியது. நாட்டிலேயே அவரைவிடச் சிறந்த செகண்ட் பேஸ்மேன் இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், நிறம் மட்டும் வெள்ளையாக இருந்திருந்தால் எப்போதோ நல்ல அணியில் இருந்திருப்பார், பாவம், தோல்தான் அவருக்கு எதிரி என்பது அந்தக் குறிப்பின் சாரம்.

அவருடைய தோல் அவருக்கு எதிரியாம்! ஒப்பந்தம் தர மறுத்த அணி முதலாளிகள் எதிரிகள் இல்லை, இரும்புப் பல்லோடு காலைக் கிழித்தவர்கள் எதிரிகள் இல்லை. நமக்குப் பழக்கமான குரல்தான் இது. "நல்லா படிக்கிற பையன், பாவம், காலனியில் பிறந்துட்டான்" என்று சொல்வார்களே, அதே குரல். இரக்கப்படுகிறவர் ஒரு வேலையைக் கச்சிதமாகச் செய்கிறார்: குற்றத்தைச் செய்தவரிடமிருந்து எடுத்து, பாதிக்கப்பட்டவரின் பிறப்பில் வைத்துவிடுகிறார்.

இந்த இடத்தில் 'தகுதி' வாதத்தைக் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். ஃபௌலரின் திறமையை யாரும் மறுக்கவில்லை. எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டும் மறுத்தார்கள். 1884இல் டொலிடோ அணியில் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினக் கேட்சர் இருந்தார். அவருக்குப் பந்துவீசிய டோனி முல்லேன் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படையாகவே சொன்னார்: தான் கண்ட கேட்சர்களில் வாக்கரே சிறந்தவர், ஆனால் ஒரு கறுப்பரின் சைகையை ஏற்கப் பிடிக்காமல், தன் இஷ்டத்துக்கே பந்துவீசினாராம். தன் அணி தோற்றாலும் பரவாயில்லை, கறுப்பர் சொல்லிக் கேட்கக் கூடாது. தகுதிக்கு மதிப்பளிக்கும் திடலின் உண்மை முகம் இது.

1887 ஜூலை

ஃபௌலர் போன ஊர்களைப் பட்டியலிட்டால் அமெரிக்க ரயில்வே வரைபடம் போல இருக்கும். மினசோட்டாவின் ஸ்டில்வாட்டர், அயோவாவின் கியோகக், கான்சஸின் டொபீகா, நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே, மிச்சிகனின் கிரீன்வில், இலினாயின் கேல்ஸ்பர்க் என்று நீளும். எல்லா ஊரிலிருந்தும் நிறவெறியால்தான் துரத்தப்பட்டார் என்று சொன்னால் அது மிகையாகிவிடும். அன்றைய சிறிய லீகுகள் பணமில்லாமல் பருவத்தின் நடுவிலேயே கலைந்துபோவது வழக்கம். ஆனால் லீக் கலைந்ததும் வெள்ளை ஆட்டக்காரர் அடுத்த அணிக்குப் போனார். ஃபௌலர் சலூனுக்குப் போனார். வித்தியாசம் அதுதான்.

1887இல் அவர் இன்டர்நேஷனல் லீகின் பிங்ஹாம்டன் அணிக்கு வந்தார். பெரிய லீகுகளுக்கு அடுத்த நிலையில் இருந்த லீக் அது. அந்த ஆண்டு அதன் பல அணிகளில் ஃபௌலர், கிராண்ட், வாக்கர், ஜார்ஜ் ஸ்டோவி, ராபர்ட் ஹிக்கின்ஸ் என்று கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். நெவார்க் அணிக்காக ஸ்டோவி அந்தப் பருவத்தில் 30க்கும் மேற்பட்ட ஆட்டங்களை வென்று கொடுத்தார். ஃபௌலரின் மட்டைச் சராசரி .350. அதாவது நூறு வாய்ப்புகளில் 35 முறை வெற்றிகரமாக அடித்தார். பேஸ்பாலில் நூற்றுக்கு முப்பது எட்டினாலே சிறந்த மட்டையாளர் என்பார்கள்.

அப்படிப்பட்டவரோடு ஆட முடியாது என்று அவருடைய சொந்த அணியினரே அடம்பிடித்தார்கள். ஃபௌலரை நீக்கினால்தான் திடலில் இறங்குவோம் என்றார்கள். நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? அடம்பிடித்த ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கு 50 டாலர் அபராதம் விதித்தது. நியாயம்தானே என்கிறீர்களா? அதே நிர்வாகம், ஜூலைத் தொடக்கத்தில் ஃபௌலரை விடுவித்தும் விட்டது. இன்டர்நேஷனல் லீகின் வேறு எந்த அணியிலும் சேரக் கூடாது என்ற நிபந்தனையோடு! குற்றம் செய்தவர்களுக்குக் கண்துடைப்புக்கு அபராதம், அவர்கள் கேட்டதும் கையில் கிடைத்தது. ஃபௌலருக்கோ வேலையும் போனது, அதே லீகில் வேறு வேலை தேடும் உரிமையும் போனது. நம் கல்வி நிறுவனங்களில் அமைக்கப்படும் விசாரணைக் கமிட்டிகளின் முடிவுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் வடிவம் புதிதாக இருக்காது.

ஜூலை 14 அன்று பஃபலோவில் இன்டர்நேஷனல் லீகின் நிர்வாகக் கூட்டம் கூடியது. நல்ல ஆட்டக்காரர்கள் பலர் கறுப்பர்களால் லீகை விட்டே போக நினைக்கிறார்கள் என்று சில அணிகளின் பிரதிநிதிகள் முறையிட்டார்கள். இனிமேல் கறுப்பர்களின் ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தரக் கூடாது என்று லீகின் செயலாளருக்கு உத்தரவிடப்பட்டது.

அதே நாள் நெவார்க்கில் இன்னொன்று நடந்தது. சிகாகோவின் நட்சத்திர ஆட்டக்காரரும் தலைவருமான கேப் ஆன்சன், ஸ்டோவி ஆடினால் தன் அணி ஆடாது என்றார். ஸ்டோவிக்கு உடல்நிலை சரியில்லை என்று அறிவித்து அவரை உட்கார வைத்தார்கள்.

இதே ஆன்சன் நான்கு ஆண்டுகளுக்கு முன், 1883 ஆகஸ்டில், டொலிடோவிலும் இதையே செய்து பார்த்தவர். வாக்கர் இருந்தால் ஆட மாட்டேன் என்றார். காயம் காரணமாக அன்று ஓய்வில் இருக்க வேண்டிய வாக்கரை, ஆன்சனின் மிரட்டலுக்காகவே டொலிடோ மேலாளர் சார்லி மார்ட்டன் களமிறக்கினார். ஆடாவிட்டால் நுழைவுக் கட்டணத்தில் சிகாகோவின் பங்கு கிடைக்காது என்றும் சொல்லிவிட்டார். ஆன்சன் ஆடினார்! ஆயிரமாண்டுக் கொள்கைபோலக் காட்டப்பட்ட நிறவெறி, டிக்கெட் காசுக்கு முன் ஒரு பிற்பகல்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

1883இல் எதிர்த்து நின்றார் ஒரு மேலாளர், வெறி பின்வாங்கியது. 1887இல் நல்லவர்கள் பணிந்தார்கள், வெறி வழக்கமாக மாறியது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் கறுப்பின வீரர்களின் திறமை குறைந்துவிடவில்லை. கூடத்தான் செய்தது. எண்ணிக்கையும் கூடியது. அதுதான் பிரச்சினை. ஒருவர் இருந்தால் வேடிக்கை, ஏழு பேர் வந்தால் போட்டி. ஃபௌலர் நன்றாக ஆட ஆட, ஒரு வெள்ளை ஆட்டக்காரரின் சம்பளம் ஆபத்துக்குள்ளாகிறது. தகுதியைக் காப்பதற்காக அந்தச் சுவர் எழவில்லை. போட்டியிலிருந்து தப்பிப்பதற்காக எழுந்தது.

எழுத்தில் இல்லை என்பதே தந்திரம்

இதற்கு முன்பு எழுத்திலேயே விதி போட்டவர்களும் உண்டு. 1867 டிசம்பரில் தேசிய பேஸ்பால் ஆட்டக்காரர்கள் சங்கம், கறுப்பர் ஒருவர் இருந்தால்கூட அந்தக் கிளப்பைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஃபிலடெல்ஃபியாவின் கறுப்பினக் கிளப்பான பித்தியனின் விண்ணப்பம் பென்சில்வேனியா மாநிலச் சங்கத்தில் தோற்றிருந்தது. அந்தக் கிளப்பின் முன்னணி வீரரும் ஆசிரியருமான ஆக்டேவியஸ் கேட்டோ, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக நின்றதால் 1871இல் தேர்தல் நாளன்று நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தேசியச் சங்கம் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: சேர்த்தால் உறுப்பினர்களுக்குள் பிளவு வரும், சேர்க்காவிட்டால் யாருக்கும் தீங்கில்லை. அந்த 'யாருக்கும்' என்ற சொல்லுக்குள் கேட்டோ இல்லை. அவர் தீங்கடையக்கூடிய மனிதராகவே கணக்கில் வரவில்லை.

பின்னர் வந்த பெரிய லீகுகள் இந்தத் தவறைச் செய்யவில்லை. எழுத்தில் எதுவும் வைக்கவில்லை. அதை 'கனவான்களின் உடன்பாடு' என்று பெருமையாக அழைத்துக்கொண்டார்கள். 1942இல், பேஸ்பாலின் ஆணையராக இருந்த முன்னாள் நீதிபதி கென்னசா மவுண்டன் லாண்டிஸ், கறுப்பர்களுக்கு எதிராக எழுதப்பட்ட விதியோ எழுதப்படாத விதியோ எதுவும் கிடையாது என்று அறிக்கை விட்டார். அப்போது பெரிய லீகுகளில் ஒரே ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. அறுபது ஆண்டுகளாக இப்படி. ஆனால் விதி இல்லையாம்!

எழுதப்பட்ட விதியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம், கொளுத்தலாம். எழுதப்படாத விதியை என்ன செய்வது? மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஒதுக்கீட்டுப் பணியிடத்துக்கு நேர்காணல் நடக்கும். முடிந்ததும் 'தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை' என்று ஒற்றை வரி வரும். முனைவர் பட்டம் வாங்கிய, தேசியத் தகுதித் தேர்வில் வென்ற, கட்டுரைகள் வெளியிட்ட ஆட்கள் வரிசையாக வந்துபோன அறையிலிருந்துதான் அந்த வரி வருகிறது. ஆய்வை முடிக்கும் நிலையில் இருக்கிற என்னைப் போன்றவர்கள் அந்த அறையின் வாசலை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறோம். விதியைக் காட்டு என்று கேட்டால் காட்ட முடியாது. காலியாகக் கிடக்கும் நாற்காலியை மட்டும்தான் காட்ட முடியும்.

நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. இரண்டின் வரலாறும் வேறு, இயங்கும் முறையும் வேறு. ஆனால் கதவருகே நிற்பவரின் தந்திரம் ஒன்றுதான். நம் பக்கத்திலும் ஒரு சான்று இருக்கிறது. பூனாவில் வெள்ளையர் கிளப்பில் பந்துவீசி வளர்ந்த தலித் கிரிக்கெட் வீரர் பல்வாங்கர் பாலு. ஐரோப்பியர் அணியைத் தோற்கடிக்க அவருடைய பந்துவீச்சு வேண்டியிருந்ததால் இந்து அணி சேர்த்துக்கொண்டது. திடலில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், தேநீர் இடைவேளையில் அவருக்குத் தனிக் குவளை கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்து சென்று நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்திய பிறகும் இந்து அணியின் தலைவர் பொறுப்பு அவருக்குத் தரப்படவில்லை. வெற்றி தேவைப்படும்போது உள்ளே, மரியாதை தரவேண்டியபோது வெளியே. "கிரிக்கெட்டில் தகுதி மட்டும்தானே" என்று கேட்கிறவரிடம் பாலுவின் பெயரையும் சொல்லுங்கள்.

தனிப்பெட்டி

ஃபௌலர் சோர்ந்து உட்காரவில்லை. வெள்ளையர் லீகுகளில் அங்கங்கே கிடைத்த இடங்களில் ஆடிக்கொண்டே இருந்தார். 1895இல், இளம் வீரர் கிராண்ட் ஜான்சனுடன் சேர்ந்து மிச்சிகனின் அட்ரியன் நகரில் முழுக்கக் கறுப்பினத்தவரைக் கொண்ட 'பேஜ் ஃபென்ஸ் ஜயன்ட்ஸ்' அணியை உருவாக்கினார். கம்பி வேலி செய்யும் ஒரு நிறுவனம் பணம் போட்டது. ஒரு ஊரில் இறங்கியதும் வீரர்கள் சீருடையில் சைக்கிள் ஊர்வலம் போய்க் கூட்டம் சேர்ப்பார்கள். அவர்களுக்கென்று ஒரு தனி ரயில் பெட்டி இருந்தது. அதிலேயே சமையல், அதிலேயே தூக்கம். பார்க்க ஆடம்பரமாகத் தெரியும். ஆனால் அந்தப் பெட்டி இருந்ததால்தான் ஊர் ஊராகக் கறுப்பர்க்கு அறை தராத விடுதிகளின் வாசலிலும் சோறு போடாத உணவகங்களின் வாசலிலும் அவர்கள் நிற்காமல் தப்பித்தார்கள். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் சட்டமாக்கிய 'தனிப்பெட்டி'யையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று அவமதிப்பதற்காகத் திணிக்கப்பட்டது, மற்றொன்று அவமதிப்பிலிருந்து தப்பிக்கத் தாமே கட்டிக்கொண்டது.

அதே 1895இல் மிச்சிகன் மாநில லீகில் சில ஆட்டங்கள் ஆடினார். வெள்ளையர் லீகில் அவருடைய கடைசி ஆண்டு அதுதான். தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் சுமார் பத்துப் பருவங்கள். 1950களில் ராபின்சன் முறியடிக்கும் வரை எந்தக் கறுப்பின வீரரும் அவ்வளவு காலம் அந்த லீகுகளில் நீடித்ததில்லை. அதன்பின் கறுப்பின அணிகளைக் கட்டி ஊர் ஊராக அழைத்துச் சென்றார். 1913 பிப்ரவரி 26 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஃபிராங்க்ஃபர்ட்டில், வறுமையில், நோயில் இறந்தார். வயது 54. புதைத்த இடத்தில் பெயர்க் கல்கூட இல்லை. 74 ஆண்டுகள் கழித்து, 1987இல், பேஸ்பால் ஆய்வாளர்களின் அமைப்பு ஒன்றுதான் கல் வைத்தது.

இரண்டு பலகைகள்

இப்போது கூப்பர்ஸ்டவுனுக்குத் திரும்புவோம்.

பேஸ்பாலைக் கண்டுபிடித்தது யார் என்று ஆராய 1905இல் ஒரு குழு அமைத்தார்கள். 1839இல் கூப்பர்ஸ்டவுனில் அப்னர் டபுள்டே என்பவர் கண்டுபிடித்தார் என்று அது தீர்ப்புச் சொன்னது. பிற்காலத்தில் உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்த அந்த டபுள்டே, 1839இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். தாம் பேஸ்பாலைக் கண்டுபிடித்ததாக வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொன்னவரில்லை. சுத்தமான கட்டுக்கதை. ஆனால் அந்தக் கதையை வைத்துத்தான் 1939இல் பேஸ்பாலின் 'புகழ் மன்றம்' கூப்பர்ஸ்டவுனில் திறக்கப்பட்டது. விளையாட்டுத் திடலுக்கும் டபுள்டே பெயர்.

அந்த ஊரிலேயே வளர்ந்த முதல் கறுப்பினத் தொழில்முறை வீரர் ஒருவர் உண்மையாகவே இருந்தார். அவருக்கு அந்த மன்றத்தில் இடமில்லை. ஆட்டத்துக்கே சம்பந்தமில்லாதவருக்குப் பிறப்புப் புராணம், ஆடியவருக்குப் பெயரில்லாப் புதைகுழி. புராணத்தை வரலாறாகவும் வரலாற்றை வதந்தியாகவும் மாற்றும் கலை ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை என்பது நமக்குத் தெரியும்.

இத்தனைக்கும் தகவல் இல்லாமல் இல்லை. 1907லேயே, தாமும் ஒரு உள்வட்ட ஆட்டக்காரரான சால் வைட், கறுப்பினப் பேஸ்பாலின் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். கதவை மூடியதில் ஆன்சனுக்கு இருந்த பங்கையும் அதில் பெயர் சொல்லி எழுதினார். ஆவணம் இருந்தது. அதை ஆவணமாக மதிக்க ஆள் இல்லை. ஒடுக்கப்பட்டவர் எழுதினால் 'அனுபவம்', மற்றவர் எழுதினால் 'ஆய்வு' என்று பிரித்து வைக்கிறவர்களோடு தினமும் மல்லுக்கட்டும் ஆய்வு மாணவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

2013இல் டபுள்டே திடலுக்குப் போகும் ஒரு தெருவுக்கு ஃபௌலர் பெயர் வைத்தார்கள். 2021 டிசம்பரில் அவர் புகழ் மன்றத்துக்குத் தேர்வானார், 2022 ஜூலையில் அவருடைய பலகை சுவரில் ஏறியது. இறந்து 109 ஆண்டுகளுக்குப் பிறகு. மகிழ்ச்சிதான். அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு நன்றியும் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே மன்றத்தில் இன்னொரு பலகை இருக்கிறது. கேப் ஆன்சனுடையது. அவரை 1939லேயே ஏற்றிவிட்டார்கள், ஃபௌலருக்கு 83 ஆண்டுகள் முன்பு. அதில் அவருடைய மட்டைச் சாதனைகளும் அவர் வென்ற கோப்பைகளும் இருக்கின்றன. டொலிடோ இல்லை, நெவார்க் இல்லை, ஸ்டோவி இல்லை. விரட்டியவரும் விரட்டப்பட்டவரும் இப்போது ஒரே மன்றத்தில் 'மாமேதைகள்'. என்ன அழகான சமரசம்!

நான் எதிர்ப்பது இந்தச் சமரசத்தைத்தான். பாதிக்கப்பட்டவருக்குச் சிலை, தெருப்பெயர், அஞ்சல்தலை எல்லாம் தரத் தயாராக இருக்கிறார்கள். பாதிப்பை ஏற்படுத்தியவரின் பெயரை மட்டும் உச்சரிக்க மாட்டார்கள். 'அந்தக் காலம் அப்படி' என்பார்கள். சார்லி மார்ட்டன் வாழ்ந்ததும் அதே காலத்தில்தான். அந்தக் காலத்திலேயே மறுத்து நின்றவர்கள் இருந்தார்கள். ஆகவே காலத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது. எழுதப்படாத விதிக்கும் கையெழுத்து உண்டு. ஃபௌலரை விடுவித்த கடிதத்தில் யாரோ ஒருவர் கையெழுத்திட்டார். பஃபலோ கூட்டத்தில் யாரோ சிலர் கை தூக்கினார்கள். அபராதம் கட்டிய ஆட்டக்காரர்களுக்குப் பெயர்கள் இருந்தன.

தோழர்களே, அடுத்த முறை யாராவது "கிரிக்கெட்டில் இட ஒதுக்கீடு இருக்கிறதா?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். உட்கார வைத்து, கெண்டைக்காலில் மரக் கவசம் கட்டிக்கொண்டு ஆடிய ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லுங்கள். நூற்றுக்கு முப்பத்தைந்து முறை அடித்தும் வேலை இழந்த கதையைச் சொல்லுங்கள். பிறகு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இடத்தில் அன்றும் இன்றும் உட்கார்ந்திருப்பது யார்?

அந்தப் பெயர்ப் பட்டியலை வாங்கிவிட்டுத் தகுதியைப் பற்றிப் பேசலாம்.